பட்டி இல்லாத டேங்க்

எங்கள் தெருவில் யார் யாரை அடித்தாலும் முதலில் எனக்குத்தான் கேட்கும். காரணம் என் காது இல்லை, சுவர். என்னுடைய சீட் தைக்கும் கடைக்கும் பக்கத்து மெக்கானிக் பட்டறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் மேசையில் என் ஊசி டப்பா குதிக்கும். ஸ்பேனர் விழுகிற சத்தம் வேறு, எறிகிற சத்தம் வேறு. இருபத்திரண்டு வருடம் கேட்டவனுக்கு அது தெரியும். எறிகிற சத்தம் கேட்டதும் நான் தையல் மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நல்லவன் வேஷம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மெக்கானிக்குத் தெரு வைத்த பெயர் கம்பெனி. பழைய மோட்டார் சைக்கிள்களை, அவை தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே திருப்பிக் கொண்டுவருவது அவர் தொழில். கோழி முட்டையிட்டு வைத்திருந்த வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கம்பெனில இருந்து எப்படி வெளிய வந்துச்சோ அப்படித் தர்றேன்" என்பார். அப்படியே தருவார். மட்கார்டைப் பிடிக்கிற போல்ட் கூட அந்த வருடத்து வண்டியுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு. புதுசாக மினுமினுக்கிற எதையும் பார்த்தால் முகம் சுளிப்பார். அவர் தொழிலைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறதோ அதாலேயே அடிப்பார். அவர் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

அடி வாங்குவது அவர் மனைவி. தெருவே அவரை அக்கா என்று கூப்பிடும். பன்னிரண்டு வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார். பட்டறையின் பின்பாதி அவர்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கிரீஸ் வாசனை எல்லாவற்றிலும். ஒரே மகள் கல்யாணம் முடிந்து போனதோடு சரி, அப்பா இருக்கிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்கா சோறு வடித்து வைத்துவிட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்தால் நட்டு போல்ட்டு வேலை. கம்பெனி பிரித்துப் போடப் போட, அக்கா மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, காலி பவுடர் டப்பாவிலும் பிஸ்கட் டப்பாவிலும் போட்டு, மூடிமேல் ஒரு நம்பர் எழுதுவார். நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் வண்டியில் எந்த இடம் என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

திரும்பக் கோர்க்கும்போது கம்பெனி கையை மட்டும் நீட்டுவார். "முன் மட்கார்டு, மேல் போல்ட்டு" என்பார். அறுபது எழுபது டப்பாவில் அக்காவின் கை நேராக ஒன்றுக்குப் போகும். கம்பெனி எப்போதும் அக்காவுக்கு வலது பக்கம்தான் நிற்பார். இடது காது அக்காவுக்குச் சுத்தமாகக் கேட்காது. பதினெட்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து போன காது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அந்தக் காதின் மடலும் கொஞ்சம் கிழிந்திருக்கும். அதில் கம்மல் போடுவதில்லை.

அந்த வருடம் பழைய வண்டிகளுக்கான கண்காட்சி அறிவிப்பு வந்தது. கம்பெனி செய்த வண்டிகள் அதற்கு முன் நாலு தடவை முதல் பரிசு வாங்கியிருக்கின்றன, எல்லாம் மற்றவர்கள் வண்டி. "அடுத்தவன் பிள்ளைக்கே தலை வாரி விட்டுட்டு இருக்கேன் அண்ணே. இந்தத் தடவை என் வண்டி போகும்" என்றார் என்னிடம். பட்டறையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் பதினெட்டு வருடமாகக் கிடந்த அவருடைய வண்டியை வெளியே இழுத்தார். கல்யாணம் ஆன வருடம் வாங்கியது. கறுப்பு டேங்க். "கறுப்பு நான் அடிச்சது. கம்பெனி கலர் சிவப்பு. பழையபடி சிவப்பாக்கணும்" என்றார்.

கண்காட்சியில் நடுவர் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு வருவார். அதை டேங்க் மேல் ஓட்டிப் பார்ப்பார். சுத்தமான தகடு என்றால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். அடிபட்ட பள்ளத்தைப் பட்டி என்கிற பசையைப் பூசி மறைத்திருந்தால், அதன் மேல் காந்தம் நிற்காமல் நழுவும். ஆள் அப்போதே வெளியே. அதனால் கம்பெனியும் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். யார் வண்டியைப் பார்த்தாலும் முதல் வேலை அதைத்தான் வைப்பார்.

வேலை ஆரம்பித்த இரண்டாவது வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து நான் ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் குரல்.

"இது என்ன?"

"பின் பிரேக் தகட்டு போல்ட்டு" என்றார் அக்கா.

"அது எனக்குத் தெரியும். இது ஏன் புதுசா இருக்குன்னு கேக்குறேன்."

"பழசுல மரை போயிடுச்சு. திருகினா சுத்திக்கிட்டே இருக்கு. பிரேக்காச்சே, கழண்டு போனா என்ன ஆகும்னு அதே அளவுல ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

"உன்னை யாரு வாங்கச் சொன்னா?"

விசுக் என்று ஒரு சத்தம். கிளட்ச் கேபிள். உள்ளே கம்பி, மேலே ரப்பர். அது காற்றைக் கிழிக்கிற சத்தம் ஒரு மாதிரி, சேலையில் படுகிற சத்தம் ஒரு மாதிரி, தோலில் படுகிற சத்தம் இன்னொரு மாதிரி. மூன்றும் மாறி மாறி வந்தன. "கம்பெனி வண்டில புது போல்ட்டா? என் வண்டிலயா?" ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை. நான் மிஷினில் உட்கார்ந்து, தைக்க ஒன்றும் இல்லாமல், துணியே இல்லாமல் மிதித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வெளியே வந்து குழாயடியில் கையை நீட்டிக் கழுவினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நாலு சிவப்புக் கோடுகள். என்னைப் பார்த்தார்.

"சீட்டு ஆயிடுச்சா அண்ணே?"

"ஆயிட்டிருக்கு அக்கா."

"பழைய போல்ட்டை நல்லவேளை தூக்கிப் போடல. முப்பத்தொண்ணாம் டப்பாவுலதான் வச்சிருந்தேன். மரை போட்டு அதையே மாட்டப் போறாராம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டேங்க் டிங்கரிடம் போனது. டிங்கர் அக்காவின் ஒரே தம்பி. நாலு கடை தள்ளி அவன் கொட்டகை. ஒடுங்கிய தகட்டைத் தட்டி நேராக்குவதும் வண்டிகளுக்கு வண்ணம் அடிப்பதும் அவன் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், ஓயாத வாய். தகட்டில் விழும் பள்ளத்துக்கு எங்கள் தெருவில் டொக்கு என்று பெயர். ஒரு டொக்கைப் பார்த்தால் அது எதனால், எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை வேகத்தில் விழுந்தது என்று சொல்லிவிடுவான். லாரிக்காரன் இடித்துவிட்டான் என்று ஒருவன் அழுதுகொண்டு வந்தபோது, "லாரி இல்ல, உங்க வீட்டுக் கேட்டு. நீங்க ரிவர்ஸ் எடுத்தீங்க" என்று சொல்லி அவன் பெண்டாட்டி முன்னாலேயே மானத்தை வாங்கினான்.

அன்றைக்கு மழை. சீட்டின் முன் முனை டேங்க்கின் வாலோடு சரியாகப் பொருந்த வேண்டும் என்பதால் அளவெடுக்க நான் அங்கே போயிருந்தேன். டேங்க்கை ஒரு ஸ்டூலில் வைத்து ரிமூவர் தடவியிருந்தான். கறுப்புப் பெயிண்ட் பொங்கிச் சுருண்டு வந்தது. அடியில் சிவப்பு. "இதுதான் அண்ணே ஒரிஜினல். மாமா பாத்தா கண்ணு கலங்கிடுவாரு, பொண்டாட்டிக்குக் கலங்காது, இதுக்குக் கலங்கும்" என்று சிரித்தான். அப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாமா கத்துவார், எப்போதாவது கை நீட்டுவார் என்பது. அக்கா அவ்வளவுதான் சொல்லி வைத்திருந்தார்.

மேல் பக்கம், பெட்ரோல் மூடிக்குப் பின்னால் இடது ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பைக் காணோம். கறுப்புக்குக் கீழே சாம்பல் நிறம். தகட்டுக் கரண்டியால் சுரண்டினான். மாவு மாதிரி உதிர்ந்தது.

"பட்டி பூசியிருக்கு" என்றான். "நான் பூசினது இல்ல. எவனோ கைக்கு வந்தபடி அப்பியிருக்கான். பட்டி பாக்கத் தெரியாதவன்."

முழுவதும் சுரண்டி, தின்னரில் துடைத்தான். வெறும் தகடு வெள்ளி மாதிரி மின்னியது. வெறும் தகட்டைக் கையால் தொடக் கூடாது, கை வேர்வை பட்டால் மறுநாளே துரு பூக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு டேங்க்கை வெளிச்சத்துக்குத் திருப்பினான். பட்டி இருந்த இடத்தில் ஒரு டொக்கு. அகலமாக, வழவழப்பாக, ஒரு சோற்றுக் கிண்ணத்தின் அடிப்பாகம் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

"இது வேடிக்கையா இருக்கே" என்றான். "வண்டி சாஞ்சு விழுந்துச்சுன்னா டேங்க்கோட விலாவுல விழும். ஹேண்டில் திரும்பி இடிச்சா முன் மூலையில விழும். இது மேல் பக்கத்துல இருக்கு. மேல இருந்து என்ன அண்ணே விழும்?"

"கல்லு?"

"கல்லுன்னா கீறும். ஓரம் கூர்மையா இருக்கும். இதுல கீறலே இல்ல பாருங்க."

"அப்ப பூசணிக்காய்தான்" என்றேன், சிரிக்க வைக்க.

"கிட்டத்தட்ட. உருண்டையா, கனமா இருக்கணும். உள்ள கெட்டியா இருக்கணும். மேல மட்டும் மெத்துன்னு இருக்கணும்."

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தான். டொக்கின் ஓரத்தில் கடுகளவு ஒரு குழி. அதிலிருந்து அரை விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கீறல். "இது மட்டும் உலோகம். கம்மல் மாதிரி ஏதோ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவன் விரல் மடங்கி டேங்க்கை ஒரு தட்டுத் தட்டியது. டொம் என்று ஒரு சத்தம் வந்தது, வெறும் பாத்திரத்தின் சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டது. இதைவிடக் கனமாக. டேங்க்கைக் கை தவறிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய், அப்படி நினைக்கலாம் என்று முடிவு செய்தேன். மிஷினை மிதித்தேன். மறுநாள் அக்கா தலையில் கட்டோடு வந்து குளியலறை என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நிற்கும்போது அக்கா குடையோடு வந்தார். கையில் ஒரு டப்பா. "பெட்ரோல் மூடி, அஞ்சாம் நம்பர். பொருந்துதான்னு பாத்துடச் சொன்னாரு" என்றார். பிறகு டேங்க்கைப் பார்த்தார். டப்பாவை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

டிங்கர் வலது பக்கம் போய் நின்றான்.

"அக்கா. இது எப்படி விழுந்துச்சு?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அக்கா குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். தண்ணீர் வடிவதையே பார்த்தார். "அது நான்தான்டா" என்றார்.

"நான்தான்னா?"

"என் தலை."

மழை கொட்டகைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"கார்பரேட்டர் பாத்துட்டு இருந்தாரு. வண்டி நின்னு நின்னு போச்சு. ஜெட்டுல தூசி இருக்கும்னு நான் சொன்னேன். அவரு இல்லன்னாரு. கழட்டிப் பாத்தா தூசி இருந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். சிரிச்சுட்டேன். முடியைப் பிடிச்சு ஒரே அடி. அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியல. கண்ணு முழிச்சப்ப தரையில கிடந்தேன். அவரு குனிஞ்சு நின்னுட்டு இருந்தாரு. என்னைத்தான் பாக்குறாருன்னு நினைச்சேன். டேங்க்கைப் பாத்துட்டு இருந்தாரு."

"அக்கா."

"அன்னிக்கே பட்டி வாங்கிட்டு வந்து அவரே அப்பிட்டாரு. என் காதுலேர்ந்து ரத்தம் வந்துட்டே இருந்துச்சு. பட்டி காயணும், கிட்ட வராதன்னாரு."

டிங்கர் மரச்சுத்தியலை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "நான் இன்னிக்கு அவனைக் கொல்றேன்" என்றான். அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"கொல்லு. கொன்னுட்டு உள்ள போய் உக்காரு. உன் ரெண்டு பொண்ணையும் நான் போல்ட்டு கழுவி வளக்குறேன்."

"அப்ப என் கூட வந்துடு. இன்னிக்கே வா."

"கண்காட்சி முடியட்டும்."

"என்ன கண்காட்சி? உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமாடா, பைத்தியம்தான். இந்த வண்டில ஒவ்வொண்ணும் நான் கழுவினது. அது முழுசா நிக்கிறதை ஒரு தடவை பாக்கணும்" என்றார் அக்கா. பிறகு, "டொக்கை எடுத்துடுடா. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு. எடுக்கலன்னா உன்னைக் கேக்க மாட்டாரு, என்னைத்தான் கேப்பாரு."

"எடுக்க மாட்டேன்."

"தம்பி."

"இதைத் தட்டி எடுத்தேன்னா நானும் அவனும் ஒண்ணு."

அக்கா எழுந்து குடையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க அண்ணே" என்றார். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, வண்ணம் அடிக்கும் முன் வண்டியில் வைத்துப் பொருத்திப் பார்க்க, கம்பெனி டேங்க்கை வாங்க வந்தார். பின்னால் அக்கா, டேங்க்கைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு பழைய போர்வையோடு. நானும் பின்னாலேயே போனேன். வேலை ஒன்றும் இல்லை. இரவு முழுக்கத் தூங்கவில்லை, அதனால் போனேன்.

கம்பெனி சந்தோஷமாக இருந்தார். "பளிங்கு மாதிரி பண்ணிட்ட மாப்ள" என்று சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து டேங்க்கின் விலாவில் ஓட்டினார். மேலே கொண்டுவந்தார். டொக்கில் வந்து நின்றார்.

"இது ஏன் எடுக்கல?"

"அது எப்படி விழுந்துச்சுன்னு சொல்லுங்க மாமா, எடுத்துடுறேன்."

"எப்படி விழுந்தா உனக்கென்ன? தட்டி எடுறா."

"நீங்கதானே பட்டி பூசினீங்க? சொல்லுங்க."

கம்பெனி டேங்க்கையே பார்த்தார். புருவம் சுருங்கியது. மனதில் எதையோ தேடுகிற முகம். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன், அதில் கள்ளம் இல்லை. "கடைசியா ஓட்டின வருஷம் பிஸ்டன் மாத்தினேன். பின் சக்கரத்துல ரெண்டு கம்பி ஒடிஞ்சுச்சு. ஹெட்லைட் கண்ணாடி மாத்தினேன். டேங்க்ல..." என்று இழுத்தார். "ஞாபகம் இல்லடா. வண்டின்னா டொக்கு விழத்தான் செய்யும்."

"பொய் சொல்லாதீங்க."

"நான் ஏன்டா பொய் சொல்லணும்?"

"பொய் இல்லடா" என்றார் அக்கா. போர்வை அவர் கையிலிருந்து நழுவியிருந்தது. "அவருக்கு நிஜமாவே ஞாபகம் இல்ல."

கம்பெனி திரும்பினார். "இவன்கிட்ட என்னடி சொல்லி வச்சிருக்க?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பயமில்லாமல் அக்கா அவரைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். மேசைமேல் டயர் கழற்றுகிற லீவர் கிடந்தது. எடுத்தார். முதல் அடி அக்காவின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி தலைக்குப் போனது, அக்கா கையைத் தூக்கியதால் முழங்கையில் பட்டது.

மூன்றாவதாக விழுந்தது டிங்கரின் மரச்சுத்தியல். கம்பெனியின் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். லீவர் கீழே விழுந்தது. அடுத்த அடி முதுகில், அதற்கடுத்தது விலாவில். டிங்கர் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து டேங்க்கின் மேல் சாய்த்தான். மூஞ்சி தகட்டில் மோதியது. டொம். இன்னொரு தடவை. டொம். மூக்கிலிருந்து ரத்தம் வெறும் தகட்டில் வழிந்து டொக்குக்குள் தேங்கியது.

"ஞாபகம் வருதா? இப்ப வருதா? இந்த இடம்தான், நல்லாப் பாரு."

"விடுறா, கை போச்சுடா" என்று கம்பெனி முனகினார்.

டிங்கரின் இடது கை பின்னால் துழாவி இரும்புச் சுத்தியலைத் தேடியது. அது அகப்பட்டிருந்தால் கதை வேறு. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்த ஒரே காரியம் அது, அதுவும் யாருக்காகச் செய்தேன் பாருங்கள். அவன் என்னை உதறினான், மண்டை கதவில் இடித்தது, ஆனாலும் விடவில்லை.

"போதும்டா" என்றார் அக்கா. சத்தமே போடவில்லை. "அந்த ரத்தம் பட்டா துரு புடிக்கும். விடு அவரை."

டிங்கர் விட்டான். கம்பெனி தரையில் உட்கார்ந்தார். அக்கா ஒரு கையால், அடிபட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, துணியில் தின்னர் ஊற்றி டேங்க்கைத் துடைத்தார். டொக்குக்குள் விரல் நுனியால் துணியை அழுத்தி, அந்தக் கடுகளவுக் குழியைக்கூட விடாமல் துடைத்தார். கணவனின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தோள்பக்கக் காறை எலும்பு முறிவு, மூக்கில் வீக்கம். எப்படி ஆயிற்று என்று நர்ஸ் கேட்டார். கம்பெனி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பட்டறையில ஆயில்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். நர்ஸ் எழுதிக்கொண்டார். அந்தப் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கையைக் கழுத்தோடு கட்டித் தூக்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினோம். பட்டறை திறந்து கிடந்தது. அக்கா இல்லை. உள்ளே கொடியில் அவர் துணிகள் இல்லை. அடுப்பு துடைத்திருந்தது. அலமாரியில் டப்பாக்கள் எப்போதும் போல வரிசையாக, மூடி போட்டு, நம்பர் தெரிய இருந்தன. அதைப் பார்த்ததும் கம்பெனிக்கு முகம் தெளிந்தது. "கோவத்துல தம்பி வீட்டுக்குப் போயிருப்பா. ரெண்டு நாள்ல வந்துடுவா" என்றார். சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், ஒரு டப்பாவை எடுத்தார். எடுத்த கை மேலே போனது. கனமே இல்லை.

மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். காலி. அடுத்தது காலி. ஒற்றைக் கையால் ஒன்று ஒன்றாக எடுத்துக் குலுக்கினார். எழுபது டப்பாவும் காலி. எல்லாமே கழுவித் துடைத்து வைத்தவை.

பழைய எஞ்சின் ஆயில் வடிகட்டி வைக்கிற பெரிய தட்டு மூலையில் இருந்தது. அதற்குள் எல்லாம் கிடந்தது. வண்டியின் அத்தனை போல்ட், நட்டு, வாஷர், ஸ்பிரிங், ஆணி, எல்லாம் ஒரே குவியலாகக் கறுப்பு ஆயிலில் மூழ்கி. கம்பெனி முழங்காலிட்டுக் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். ஆயில் முழங்கை வரை வழிந்தது. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். இன்னொன்றைத் துடைத்துப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி போல்ட்டைப் பார்த்தார்.

கம்பெனிக்கு ஒவ்வொரு போல்ட்டும் தெரியும் என்று தெருவே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. அவருக்கு இடம்தான் தெரியும். போல்ட் தெரிந்தது அக்காவுக்கு.

"அண்ணே, சத்தம் கேட்டிருக்குமே உங்களுக்கு. கடைல யாரும் இல்லையா?" என்றார்.

"உன்கூடதானே கம்பெனி ஆஸ்பத்திரில இருந்தேன்" என்றேன். பிறகு, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. "ஆனா மத்ததெல்லாம் கேட்டுச்சு. இருபத்திரெண்டு வருஷமா கேட்டுச்சு. அந்த டேங்க் சத்தமும் கேட்டுச்சு."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "எந்தச் சத்தம்?" என்றார்.

மூன்று வாரம் போனது. அக்கா தம்பியின் கொட்டகையிலேயே வேலையில் உட்கார்ந்துவிட்டார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து டேங்க்கைத் தேய்ப்பார், தம்பி வண்ணம் அடிப்பான், மறுபடி தேய்ப்பார். கம்பெனி கலர் சிவப்பு வந்துவிட்டது. ஓரங்களில் தங்கக் கோடு போட்டாயிற்று. டொக்கும் சிவப்பாக, கோட்டுக்குப் பக்கத்திலேயே, அப்படியே இருந்தது. வெயில் அதில் விழுந்து வழுக்கியது. கண்காட்சியைப் பற்றி அக்கா பேசவில்லை. திரும்பிப் போவாரா என்று தெருவில் எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். போவார் என்றுதான் பாதிப் பேர் சொன்னார்கள். எங்கள் தெருவில் போனவர்கள் எல்லாம் திரும்பித்தான் வந்திருக்கிறார்கள்.

ஒரு காலையில் கம்பெனி வந்தார். கை இன்னும் கழுத்தில் தொங்கியது. சட்டை அழுக்கு. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கையில் ஒரு போல்ட். டிங்கர் வேலையை நிறுத்தி மரச்சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டான். நான் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி பழக்கத்தில் அக்காவின் வலது பக்கம் போய் நின்றார். "இது எங்க போகும்?" என்று போல்ட்டை நீட்டினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த ஸ்டூலோடு அரைவட்டம் திரும்பினார். இப்போது இடது காது அவர் பக்கம். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். கம்பெனி சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். அக்கா மறுபடி ஸ்டூலைத் திருப்பினார்.

"கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருக்கு" என்றார் கம்பெனி கிழிந்த காதைப் பார்த்து.

"அக்காவுக்கு அந்தக் காது கேக்காது மாமா" என்றான் டிங்கர்.

"தெரியும்டா."

"எப்படிப் போச்சுன்னு தெரியுமா?"

அந்தக் கேள்விக்குக் கம்பெனியின் மனதில் இப்போதும் குளியலறைதான் வந்திருக்கும், அதையே நம்பியும் இருப்பார். கண் மட்டும் டேங்க்கில் நின்றது. போல்ட்டை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் காந்தத்தை எடுத்தார். குனிந்து டொக்குக்குள் வைத்தார். டக் என்று பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"பட்டி இல்ல" என்றார், பாராட்டுகிற மாதிரி.

அக்கா நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இனிமே கிடையாது" என்றார்.

கம்பெனி டிங்கரின் மடியில் இருந்த சுத்தியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் திருப்பவில்லை. காந்தத்தைக் கூட எடுக்காமல் வெளியே போனார். தெருவோடு நடந்து பட்டறைக்குள் போவது தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எறிகிற சத்தம் எதுவும் வரவில்லை.

அக்கா மேசையில் கிடந்த போல்ட்டை எடுத்தார். சேலைத் தலைப்பில் ஆயிலைத் துடைத்தார். வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். புதிதாக வெட்டிய மரை பளபளத்தது.

"பின் பிரேக் தகடு அண்ணே. முப்பத்தொண்ணாம் டப்பா" என்று என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே அந்த நாலு கோடுகளும் கறுத்துப்போய் இருந்தன. "ரெண்டு மாசம்கூட ஆகல. இதுவும் அவருக்கு ஞாபகம் இல்ல."

வாசலில் பழைய இரும்புக்காரனுக்காக வைத்திருந்த டிரம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே போல்ட்டை அதற்குள் எறிந்தார். பிறகு டேங்க்கிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி அதையும் எறிந்துவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கினார்.